ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் வீடு நிறைந்துவிடும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்து தங்குவார்கள். ஒரு வருடம் அப்படி எல்லோரும் வந்திருந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் கீழ்ப்பகுதி குளிராமல் போனது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது, கீழே பால் திரிந்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக் கதவை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, "கேஸ் கம்மியாயிருச்சுக்கா, ஏத்திரலாம்" என்றார். நம்பினோம், பணமும் கொடுத்தோம். மறுநாளும் பால் திரிந்தது.

திருவிழா முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, நானே ஒவ்வொரு தட்டாக வெளியே எடுத்துப் பார்த்தேன். இட்லி மாவுத் தூக்கு ஒன்று, பின்சுவரில் குளிர்காற்று வரும் துவாரத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. நகர்த்தி வைத்தேன். அன்று ராத்திரியே கீழே குளிர ஆரம்பித்துவிட்டது.

ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ், வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. எங்காவது ஓட்டை விழுந்தால் ஒழிய அது குறையாது. இதை எல்லா வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால் பெரும்பாலான கோளாறுகள் கரண்டிலோ, கதவு ரப்பரிலோ, காற்றோட்டத்திலோ, தண்ணீர் போகும் துளையிலோதான் இருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் பார்த்து வந்தால் பாதிக்கு மேல் நாமே சரிசெய்துவிடலாம். மீதிக்கு மெக்கானிக்கிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்துவிடும்.

முதலில்: உங்களுடையது எந்த வகை?

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே சின்ன ஃப்ரீசர் பெட்டி இருக்கும். அதன் சுவரிலேயே ஐஸ் படியும். குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் ஐஸ் கரைக்கும் பொத்தான் இருக்கும். டபுள் டோர் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ. அதில் குளிரைத் தரும் வளைகுழாய், அதாவது 'காயில்', ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிரை மேலும் கீழும் தள்ளும். காயிலில் படியும் ஐஸை ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானே உருக்கிவிடும். இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும். சிங்கிள் டோரில் ஃபேன் கெடுவதற்கு ஃபேனே கிடையாது. டபுள் டோரில் ஃப்ரீசர் சுவரில் கட்டியாக ஐஸ் தெரிந்தால் அதுவே கோளாறுக்கு அடையாளம்.

அடுத்து, குளிர் உண்மையிலேயே குறைவா என்று அளந்துவிடுங்கள். கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, ராத்திரி முழுக்கக் கதவைத் திறக்காமல் விட்டு, காலையில் முதல் வேலையாக அதில் சமையலறைத் தெர்மாமீட்டரை வையுங்கள். 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. 7, 8 என்று காட்டினால் பால், கறி, மீன் எதற்கும் அது பாதுகாப்பில்லை. ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போக வேண்டும். சிங்கிள் டோரின் சின்னப் பெட்டி எல்லா மாடலிலும் அவ்வளவு கீழே போகாது, அதனால் அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.

அறவே ஓடவில்லை என்றால்

உள்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அதே பிளக் பாயிண்டில் மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ சொருகிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் கோளாறு பாயிண்டில் இருக்கிறது. ஓடினால், ஸ்டெபிலைசரைச் சந்தேகப்படுங்கள். ஃப்ரிட்ஜை ஸ்டெபிலைசர் இல்லாமல் சுவர் பாயிண்டில் நேரடியாகச் சில நிமிடம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கரண்ட் போய் வந்தவுடன் ஸ்டெபிலைசர் 3 நிமிடமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ தாமதித்துத்தான் கரண்டை விடும். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால் கம்ப்ரஸருக்குத்தான் கேடு.

விளக்கு எரிகிறது, கம்ப்ரஸர் ஓடவில்லை, சில நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னால் "டக்" என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால், கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல், அதைக் காக்கும் 'ஓவர்லோடு' என்ற பாகம் கரண்டைத் துண்டித்து நிறுத்துகிறது என்று பொருள். இதற்கு நம் பக்கத்தில் முதல் காரணம் குறைந்த வோல்டேஜ். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். சாயங்காலம் தெருவில் எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில், அல்லது தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடும் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், அது வெகுவாக இறங்கிவிடும். ஸ்டெபிலைசரின் முகப்பில் உள்ளே வரும் வோல்டேஜ் காட்டும். 180-க்குக் கீழே இருந்தால் சாதாரண கம்ப்ரஸர் திணறும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வோல்டேஜ் ஏறியதும் போடுங்கள். நாள்தோறும் இப்படி என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் பதியலாம்.

இன்னொரு காரணம், ஹாலில் இருந்து இழுத்துவந்த மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். அதில் வோல்டேஜ் பாதி வழியிலேயே குறையும், வயரும் சுடும். ஃப்ரிட்ஜுக்குத் தனி பாயிண்ட் வேண்டும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் "டக்" சத்தம் தொடர்ந்தால், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே அல்லது ஓவர்லோடு போயிருக்கலாம். கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் சின்னப் பாகங்கள் இவை. விலை குறைவு, மாற்றுவது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. ஆகவே யாராவது நேராக "கம்ப்ரஸர் போச்சு" என்றால், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இன்வர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் கதை வேறு. அது எலக்ட்ரானிக் போர்டு வழியாக ஓடுவது. அதை நேரடியாக 230 வோல்டில் கொடுத்துச் சோதிக்க யாரையும் விடாதீர்கள், எரிந்துவிடும். அந்தப் போர்டுப் பெட்டிக்குள் பல்லி நுழைந்து ஷார்ட் ஆவதும் எலி வயரைக் கடிப்பதும் நம் வீடுகளில் நடக்கிற விஷயங்கள்தாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

குமிழில் இருந்து தொடங்குங்கள். துடைக்கும்போதோ பாத்திரம் இடித்தோ அது திரும்பியிருக்கும். 1 முதல் 7 வரை இருந்தால் 4 பொதுவாகப் போதும். கத்திரி வெயிலில் 7-இல் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. அப்படி வைத்தால் சிங்கிள் டோரில் கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது, ஐஸ் கட்டியாகப் படியும், அந்த ஐஸே போர்வைபோல் குளிரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும். டபுள் டோரில் இரண்டு குமிழ் இருந்தால், பல மாடல்களில் ஒன்று மேலுக்கும் கீழுக்கும் காற்றைப் பங்கிடுவது. ஃப்ரீசரைக் கடைசிவரை கூட்டி வைத்தால் கீழே வரும் காற்று குறைந்துபோகும். இரண்டையும் நடுவில் வைத்து ஒரு நாள் பாருங்கள்.

அடுத்தது கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் வெயில் காற்று உள்ளே போகிறது. நான்கு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளில் பாருங்கள். பல தடவை ரப்பரில் பழுது இருக்காது, மடிப்புக்குள் மாவும் எண்ணெயும் பிசுபிசுத்திருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்தால் பிடித்துக்கொள்ளும். நெளிந்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி, இளகியதும் விரலால் நேராக்கி, கதவை மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். கிழிந்திருந்தால் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்ப் புதியது வாங்குவதுதான் வழி.

கதவு மூடியதும் உள்விளக்கு அணைகிறதா? மொபைலில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து, கதவை மூடி, சில விநாடியில் எடுத்துப் பாருங்கள். குண்டு பல்பு உள்ள பழைய ஃப்ரிட்ஜில் அது எரிந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடே குளிரைத் தின்றுவிடும்.

பிறகு வெளிக்காற்று. உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விட்டால்தான் ஃப்ரிட்ஜ் குளிரும். பின்னால் அரைச் சாண் இடமாவது விடுங்கள், பக்கங்களிலும் ஒரு பாத்திரம் நுழையாத அளவு நெருக்கக் கூடாது. பழைய மாடலில் பின்னால் கறுப்புக் கம்பிக் காயில் இருக்கும். அதில் ஒட்டடையும் எண்ணெய்த் தூசியும் படிந்தால் சூடு வெளியேறாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீளப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தரம் போதும். புதிய மாடல்களில் அந்தக் காயில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே போகிறது. ஆகவே ஃப்ரிட்ஜின் பக்கங்கள் சுடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். அந்தப் பக்கங்களில் துணி விரிப்பு போட்டு மூடுவதுதான் தவறு.

இங்கே மதுரை வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜின் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் அது எந்தச் சூடு வரை தாங்கும் என்ற வகை எழுதியிருக்கும். 'எஸ்டி' (ST) என்றால் அறைச்சூடு 38 டிகிரி வரை, 'டி' (T) என்றால் 43 வரை. கோடையில் இங்கே வெளியே 40-ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலும் தகர ஷீட் போட்ட சமையலறையிலும் அடுப்பும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மே மாதத்து மத்தியானத்தில் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடுவது கோளாறு ஆகாது. மேற்குச் சுவரையும் அடுப்பையும் விட்டு அதைத் தள்ளி வையுங்கள். அதே டம்ளர் சோதனையை ராத்திரியில் செய்து, அப்போதும் குளிரவில்லை என்றால் மட்டும் மேலே போங்கள்.

உள்ளே அடைப்பதிலும் கவனம் வேண்டும். சுடச்சுடச் சாம்பாரையும் குழம்பையும் உள்ளே வைக்காதீர்கள், ஆறட்டும். ஆனால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடவும் வேண்டாம். கறி, மாவு, மாம்பழம் என்று இண்டு இடுக்கில்லாமல் நிறைத்தால் காற்றுப் போக வழி இருக்காது. பின்சுவரில் இருக்கும் துவாரங்களுக்கு முன்னால் நாலு விரல் இடம் காலியாக இருக்கட்டும். தட்டுகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு போடும் வழக்கம் பல வீட்டில் உண்டு. கம்பித் தட்டு என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்று, டபுள் டோரில் மேலே ஐஸ், கீழே குளிரே இல்லை என்றால்? பிளக்கைப் பிடுங்குங்கள். சாமானை எல்லாம் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு, ஒரு முழு நாள் அப்படியே விடுங்கள். பின்சுவருக்குள் அடைத்திருக்கும் ஐஸ் உருகிவிடும். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் திரும்பவும் அதே கோளாறு வந்தால், ஐஸை உருக்கும் ஹீட்டரோ அதன் சென்சாரோ ஃபியூஸோ போயிருக்க வாய்ப்பு அதிகம். கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் உருகிய பிறகும் கீழே குளிரே வரவில்லை, ஃப்ரீசரில் காற்றுச் சத்தமும் கேட்கவில்லை என்றால் ஃபேனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் கதவைத் திறந்தால் ஃபேன் நின்றுவிடும். கதவு ஸ்விட்சை விரலால் அழுத்திக்கொண்டு கேளுங்கள்.

கேஸ் உண்மையாகவே போயிருந்தால் எப்படித் தெரியும்? கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். பக்கச் சுவரோ பின் காயிலோ சுடவே சுடாது. சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டி முழுக்க ஒரே சீராக வெண்ணிறப் பூச்சு படிய வேண்டியது, ஒரு மூலையில் மட்டும் படியும் அல்லது எங்குமே படியாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கேஸ் என்ற பேச்சில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு வீட்டில் பல நேரம் நாமே காரணமாக இருக்கிறோம். ஐஸில் ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பும்போது அலுமினியத் தகட்டில் ஓட்டை விழுந்துவிடுகிறது. ஐஸ் அரை சென்டிமீட்டர் தடித்ததும் ராத்திரி பொத்தானை அழுத்திவிட்டுப் படுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம்.

ஒருவேளை கத்தி பட்டு "உஸ்" என்று சத்தம் வந்தால்: இன்றைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ என்ற கேஸ். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக் கூடியது. சிலிண்டர் கேஸ்போல வாடை வராது. அடுப்பை அணையுங்கள், ஜன்னல் கதவைத் திறங்கள், பக்கத்தில் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், பிளக்கைக்கூட. காற்று நன்றாக வந்து போன பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

காய்கறி உறைந்துபோனால்

குமிழைக் குறையுங்கள். வாழை இலையில் சுற்றி வைத்த மல்லிகை மொட்டு கண்ணாடிபோல் ஊறி, எடுத்ததும் கறுத்துவிட்டால் அந்த இடம் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று அறியுங்கள். பூவையும் கீரையையும் பின்சுவரை ஒட்டி வைக்காமல் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். குறைத்தும் உறைந்தால் தெர்மோஸ்டாட் மாற்ற வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஒழுகினால்

உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உருகிய தண்ணீர் அதன் வழியாகப் பின்னால் கம்ப்ரஸர் மேல் இருக்கும் டிரேக்குப் போய், அந்தச் சூட்டில் ஆவியாகும். கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தண்டும் அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் காய்கறிப் பெட்டிக்கடியில் தேங்கும், பிறகு தரைக்கு வரும். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். இரண்டு மூன்று தரத்தில் திறந்துவிடும். கூரான கம்பி வேண்டாம்.

பின்னால் இருக்கும் டிரேயை வாரம் ஒரு முறை பாருங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டியை அடுத்து ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைக் கேட்பது இதனால்தான். கழற்ற முடிகிற டிரே என்றால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கெட்ட வாடையும் பல நேரம் இந்த டிரேயிலிருந்துதான் வருகிறது. உள்ளே வாடை என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சோடா உப்பு கலந்து துடைத்து, ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி வையுங்கள். கருவாடும் பலாச்சுளையும் மூடி இறுகிய டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

சத்தம்

தரை மட்டம் சரியில்லாமல் ஆடுவது, மேலே அடுக்கிய பாத்திரம் அதிர்வது, பின்னால் குழாய் சுவரில் உரசுவது, இவைதாம் பெரும்பாலும். ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடியுங்கள், எங்கே பிடிக்கும்போது நிற்கிறதோ அதுதான் இடம். தண்ணீர் ஓடுவதுபோல் களகளவென்ற சத்தமும், பிளாஸ்டிக் சுருங்கும் "பட்" சத்தமும் இயல்பு. டபுள் டோரில் ஏதோ உரசுகிற சத்தம் வந்தால் ஃபேன் இறக்கை ஐஸில் படுகிறது. மேலே சொன்ன ஒரு நாள் உருக்கலைச் செய்யுங்கள்.

தொட்டால் ஷாக் அடித்தால்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கதவைத் தொட்டதும் சுருக்கென்றால் உடனே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே எங்கோ கரண்ட் கசிகிறது, கூடவே எர்த்தும் சரியில்லை. நகருக்குள் இருக்கும் பழைய வீடுகளில் மூன்று துளை பாயிண்ட் இருக்கும், ஆனால் எர்த் வயர் எங்கும் சேர்ந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியரில் விழுவது, ஒன்று மாட்டச் சொல்லுங்கள். அதுவரை செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈரக்காலோடு ஓடிவந்து கதவைத் திறப்பவர்கள் குழந்தைகள்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாளில், கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் தாங்கும். முந்தின ராத்திரியே பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, காலையில் பாலுக்குப் பக்கத்தில் இறக்கி வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் ஐஸ் உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தக் கறியையும் மீனையும் சமைக்காதீர்கள்.

மெக்கானிக் வரும்போது

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருட உத்தரவாதம் தருகின்றன. கேஸும் கூலியும் அதில் சேருமா என்று கேளுங்கள். உத்தரவாதம் இருந்தும் செய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அவர் கேஸ்தான் என்றால், "ஓட்டை எங்கே இருக்குன்னு காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். சோப்பு நுரை வைத்தோ அழுத்தம் ஏற்றியோ கண்டுபிடித்துக் காட்ட முடியும். ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் கேஸ் சில நாளிலோ சில மாதத்திலோ போய்விடும். முறையான வேலை என்றால் ஓட்டையை அடைப்பார், ஃபில்டரைப் புதிதாக மாற்றுவார், வாக்யூம் பம்பு போட்டுக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார், பிறகு தராசில் நிறுத்துக் கேஸ் ஏற்றுவார். எத்தனை கிராம் என்பது கம்ப்ரஸர் பக்கத்து லேபிளிலேயே இருக்கும். ஆர்600ஏ என்றால் சில பத்து கிராம்தான், கண் மதிப்பில் ஊற்றுகிற விஷயமில்லை. லேபிளில் எந்தக் கேஸ் போட்டிருக்கிறதோ அதே கேஸைத்தான் ஏற்ற வேண்டும். வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு எரியக் கூடாது.

எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த இடத்தில் ஓட்டை, எத்தனை மாத உத்தரவாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அன்று ராத்திரி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். காலையில் தெர்மாமீட்டர் 4 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டினால் பாலை உள்ளே வைக்கலாம்.